சீனியரின் டிரைவ் லிங்க் செத்தால் பாடமும் போச்சா? தொழில்நுட்பக் கல்விக்குப் பொது இணைய நூலகம் கட்டுவது எப்படி

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு, பொறியியல் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: "யார்கிட்டயாச்சும் யூனிட் 4 நோட்ஸ் இருக்காடா?" சில நிமிடங்களில் ஒரு கூகுள் டிரைவ் லிங்க் வந்து விழும். தட்டினால், திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பக்கம். கோப்பின் உரிமையாளர் எப்போதோ படிப்பை முடித்துவிட்டுப் போன சீனியர். அனுமதி கேட்டு அனுப்பும் கோரிக்கையை அவர் பார்ப்பாரா, மாட்டாரா என்பது கேட்பவரின் அதிர்ஷ்டம்.

பாடப்பொருளுக்கு இங்கே பஞ்சம் இல்லை. விரிவுரை வீடியோ, பிடிஎஃப், பழைய கேள்வித்தாள், ஆய்வகக் கையேடு என எல்லாமே ஏதோ ஒரு மூலையில் இருக்கின்றன. தேவைப்படும் நேரத்தில் கையில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நம்பலாமா என்று தெரிவதில்லை. அதுதான் சிக்கல். இதைத் தீர்க்க உலகம் முழுக்க 25 ஆண்டுகளாக முயற்சி நடக்கிறது. அதில் எது நின்றது, எது விழுந்தது, ஏன்?

டிரைவ் ஃபோல்டர் ஏன் நூலகம் ஆகாது?

முதல் காரணம், ஆயுசு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, அவற்றில் உள்ள கோப்புகளோடு சேர்த்து நீக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. "இதுக்குன்னே தனியா ஒரு மெயில் ஐடி போட்டு எல்லாத்தையும் ஏத்தி வச்சிருக்கோம்" என்பவர்கள் கவனிக்க வேண்டிய விதி இது. கல்லூரி கொடுத்த மெயில் ஐடி என்றால், படிப்பு முடிந்ததும் கணக்கே மூடப்படலாம்.

இது டிரைவுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம், பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது இல்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இரண்டாவது காரணம், பதிப்பு. சிவில் மாணவர்களுக்கு இது உடனே புரியும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893. அதன் முதல் பகுதியின் 2002-ம் ஆண்டுப் பதிப்புக்குப் பதிலாக 2016-ல் புதிய பதிப்பு வந்தது. பழைய விதியை வைத்து யாரோ அழகாகப் போட்டு வைத்த கணக்கு நோட்ஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், அதில் தேதியும் இல்லை என்றால், படிப்பவருக்கு அது பழசு என்று தெரிய வழியே இல்லை. தேர்வில் மதிப்பெண் போனால் பரவாயில்லை. அதே பழக்கத்தோடு வேலைக்குப் போய் ஒரு கட்டடத்தை வடிவமைத்தால்?

ஆக, கோப்புகளைக் கொட்டி வைக்கும் இடம் கிடங்கு. எதைச் சேர்ப்பது என்ற தேர்வு, எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியல், யாருக்கு என்ன உரிமை என்ற குறிப்பு, பத்து வருஷம் கழித்தும் இருக்கும் என்ற உத்தரவாதம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது நூலகம்.

இது எங்கே தொடங்கியது?

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் பாடங்களின் விரிவுரைக் குறிப்புகள், வீட்டுப்பாடங்கள், தேர்வுத்தாள்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்போவதாகச் சொன்னது. இணையக் கல்வியில் காசு பார்க்கலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 2002 செப்டம்பரில் 50 பாடங்களோடு முன்னோட்டம் வந்தது. இன்று 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் அங்கே இருக்கின்றன. இப்படிப்பட்ட பொருள்களுக்கு 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர், 2002-ல் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில்தான் உருவானது.

இந்தியாவில் இதே யோசனை தனியாகவே முளைத்தது. ஐஐடி, ஐஐஎஸ்சி வகுப்பறைக்குள் நுழைய முடிந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் மூலைமுடுக்கெல்லாம் பொறியியல் கல்லூரிகள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன, பாடம் நடத்த அனுபவமுள்ள ஆசிரியர்கள் போதவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப 1999-ல் பேச்சு தொடங்கியது. 2003-ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் நிதியுடன் ஏழு ஐஐடி-களும் பெங்களூரு ஐஐஎஸ்சி-யும் சேர்ந்து தொடங்கிய திட்டம்தான் 'என்பிடெல்'. இதில் சென்னை ஐஐடி-யின் பங்கு பெரியது.

சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகிய ஐந்து துறைகளோடு ஆரம்பித்தது. இணைய வேகம் நத்தையாக இருந்த நாட்களில் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துப் போய்க் கல்லூரி சர்வரில் போட்டுக்கொண்ட கல்லூரிகளும் உண்டு. 2014-லிருந்து சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டி மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும்.

2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு கதவைத் திறந்தது. ஒரு செமஸ்டருக்கான பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' தளம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெறலாம் என்றது. என்பிடெல் பாடங்களும் அந்தத் தளத்தில் கிடைக்கின்றன.

'இலவசம்' என்றால் எடுத்துக்கொள்ளலாமா?

பொது நூலகம் கட்டும் கனவுகள் அதிகம் சிக்குவது இங்கேதான். இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதால், அதை நகலெடுத்து வேறோர் இடத்தில் வைக்கும் உரிமை வந்துவிடாது. யூடியூப் வீடியோவுக்கும் இது பொருந்தும், பேராசிரியரின் கையெழுத்து நோட்ஸுக்கும் பொருந்தும், கேள்வித்தாளுக்கும்கூடப் பொருந்தும்.

"டெல்லி யுனிவர்சிட்டி கேஸ்ல ஜெராக்ஸ் எடுக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சே?" என்று கேட்கலாம். வந்தது உண்மை. பாடப்புத்தகப் பகுதிகளைத் தொகுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்த கடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எதிராகப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் ஒரு வகுப்புக்கான தொகுப்பு வேறு, முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து உலகத்துக்கே திறந்துவிடுவது வேறு. இரண்டாவதற்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

சரியான வழி, ஆக்கியவரே முன்கூட்டிக் கொடுக்கும் அனுமதி. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தது அதற்காகத்தான். நான்கு நிபந்தனைகளைக் கலந்துபோட்டு இவை உருவாகின்றன: ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றி எழுதினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மாற்றவே கூடாது.

தமிழில் நூலகம் கட்ட நினைப்பவர் கடைசி நிபந்தனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். 'மாற்றக் கூடாது' என்ற உரிமத்தில் உள்ள அருமையான ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்கி வெளியிட, தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. எம்ஐடி பாடங்கள் 'வணிகம் கூடாது, அதே உரிமம்' என்ற வகை. விக்கிப்பீடியாவோ வணிகத்தை அனுமதித்து, 'அதே உரிமம்' மட்டும் கேட்கும் வகை. இரண்டிலிருந்தும் எடுத்துக் கலந்து ஒரே பாடமாக எழுதினால், எந்த உரிமத்தில் வெளியிடுவது? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' பாடநூல்களில் பெரும்பாலானவை பெயர் சொன்னால் போதும் என்ற வகை. இயற்பியல் அடிப்படைப் பாடங்களைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு அது எளிய தொடக்கம்.

சில பொருள்களை நகலெடுக்காமல் இருப்பதே நல்லது. கான்கிரீட் வடிவமைப்புக்கான ஐஎஸ் 456 போன்ற தர விதிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்திலேயே பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால், நகலை வைப்பதைவிட அந்தத் தளத்துக்கு வழி காட்டுவதுதான் பாதுகாப்பு.

தேடினால் கிடைக்க வேண்டாமா?

என்பிடெல்லின் பழைய பாடங்களில் பல, ஒரு மணி நேர வகுப்புகள் நாற்பது கொண்டவை. ஒரு மாணவருக்குத் தேவைப்படுவது அதில் எட்டு நிமிடமாக இருக்கலாம். அந்த எட்டு நிமிடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் நூலகரின் வேலை.

இதற்கான அடிப்படை ஒழுங்கு எப்போதோ வந்துவிட்டது. 1995-ல் டப்ளினில் கூடிய வல்லுநர்கள், இணையப் பொருள் எதையும் விவரிக்கத் தேவையான குறிப்புகளைத் தொகுக்கத் தொடங்கினார்கள். (அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின்.) தலைப்பு, ஆக்கியவர், தேதி, மொழி, உரிமை, வடிவம் என 15 கட்டங்கள் கொண்ட 'டப்ளின் கோர்' முறை அப்படித்தான் பிறந்தது. ஐஐடி கரக்பூர் உருவாக்கிய இந்திய தேசிய மின்னூலகம் இயங்குவதும் இப்படிப்பட்ட விவரக் குறிப்புகளின் பலத்தில்தான். அது எல்லாக் கோப்புகளையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. எங்கெங்கோ உள்ள களஞ்சியங்களின் பட்டியலை ஒரே இடத்தில் தேடும்படி செய்து, கோப்புக்கு அதன் சொந்த வீட்டையே காட்டுகிறது.

ஆனால் நம் ஊர் மாணவர் தேடுவது வேறு விதம். 'ஆர் 2017', 'ஆர் 2021' என்று அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்ட விதிமுறையைச் சொல்லி, பாடக் குறியீட்டைப் போட்டு, யூனிட் எண்ணோடு தேடுவார். எனவே 15 கட்டங்களோடு இந்த மூன்றையும் சேர்த்தால்தான் பட்டியல் அவருக்குப் பயன்படும். பாடத்திட்டம் மாறினாலும் பாடப்பொருள் அவ்வளவாக மாறுவதில்லை. ஒரே வீடியோ 2017 திட்டத்தில் மூன்றாவது யூனிட்டாகவும், 2021 திட்டத்தில் இரண்டாவது யூனிட்டாகவும் இருக்கலாம். கோப்பைத் தொட வேண்டாம், பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தமிழுக்கு என்று தனித் தலைவலி

அண்ணா பல்கலைக்கழகம் 2010-லிருந்து சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் வழங்குகிறது. சேருபவர்கள் முதலில் கேட்பது, "படிக்க புக் எங்க சார் இருக்கு?"

இருப்பவையும் தேடலில் சிக்குவதில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள். 'மின்மாற்றி' என்று தேடினால் ஒன்றும் வராது. தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகு புதியவை ஒழுங்குக்கு வந்தன. பழையவற்றை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம். எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக்கி, பிழை திருத்தினால்தான் தேடலில் வரும். பார்வையற்ற மாணவரின் திரை வாசிப்பானும் அப்போதுதான் அதைப் படித்துக் காட்டும்.

அடுத்தது கலைச்சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'மின்தேக்கி' என்பது இலங்கைப் பாடநூலில் 'கொள்ளளவி'. இங்கே 'தகைவு', 'திரிபு' என்றால் அங்கே 'தகைப்பு', 'விகாரம்'. மாணவர் வாயிலோ 'கெப்பாசிட்டர்', 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்'தான் வரும். எது சரியான சொல் என்று சண்டை போடுவது நூலகத்தின் வேலை இல்லை. மூன்றில் எதைத் தட்டினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இணைச்சொல் அட்டவணை ஒன்று இருந்தால் போதும். அப்படிச் செய்தால் யாழ்ப்பாணத்தில் எழுதிய பாடம் திருநெல்வேலி மாணவருக்கும் கிடைக்கும்.

மொழிபெயர்ப்புச் செலவைக் குறைக்க ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் ஒரு நல்ல வழி காட்டியது. மென்பொருள் கற்றுத்தரும் இந்த வீடியோக்கள் சுமார் பத்து நிமிடம்தான். திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும், குரல் மட்டும் தமிழ், இந்தி, மலையாளம் என மாறும். வேலைக்குப் போகும் இடத்திலும் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கப்போகிறது, புரிதல் மட்டும் தாய்மொழியில் நடக்கட்டும் என்பது கணக்கு. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத மாணவரை மனதில் வைத்தே ஒவ்வொரு படியும் எழுதப்படுகிறது.

நன்றாக ஓடியவை ஏன் நின்றன?

ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் பாரனியுக் 1999-ல் 'கனெக்ஷன்ஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் சிறு சிறு பாடத் துண்டுகளை எழுதிப் போடலாம், மற்றவர் அவற்றைக் கோத்துப் புத்தகமாக்கலாம். யோசனை பிரமாதம். ஆயிரக்கணக்கில் துண்டுகள் குவிந்தன. ஆனால் முழுப் பாடத்துக்கு எதை நம்பி எடுப்பது என்பது ஆசிரியர்களுக்குத் தெளிவாக இல்லை. 2012-ல் அதே குழு வேறு வழிக்குப் போனது. வல்லுநர்களை வைத்து எழுதி, சரிபார்த்து, குறைந்த எண்ணிக்கையில் முழுமையான பாடநூல்களை வெளியிட்டது. அதுதான் ஓப்பன்ஸ்டாக்ஸ். பழைய தளம் 2022-ல் மூடப்பட்டது. அதன் பாடங்கள் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் சேமிக்கப்பட்டதால் காணாமல் போகவில்லை. பிரிட்டனில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பாடப்பொருளைப் பகிர்ந்துகொள்ள உருவான 'ஜோரம்' களஞ்சியமும் 2016-ல் மூடப்பட்டது.

பணமும் முக்கியம். ஒரு பாடத்தை வெளியிட 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆகிறது என்றும், வீடியோ சேர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்கு என்றும் எம்ஐடி-யே சொல்லியிருக்கிறது. பேராசிரியர் ஏற்கெனவே தயாரித்து வைத்த பாடத்துக்கே இவ்வளவு. உரிமை சரிபார்ப்பு, படங்களை மாற்றி வரைதல், எடிட்டிங், பட்டியலிடுதல் எல்லாம் சேர்ந்த செலவு அது. படிப்பவருக்கு இலவசம் என்றால், வேறு யாரோ பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்கிறார்கள் என்று பொருள்.

"இப்பதான் ஏஐ இருக்கே, நூலகம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். சாட்பாட்டிடம் கேட்டால் நொடியில் விளக்கம் வருகிறது. ஆனால் அந்த விளக்கம் எந்தப் பதிப்பு விதியை வைத்துச் சொல்லப்பட்டது, சூத்திரத்தில் உள்ள மாறிலி சரிதானா என்று பார்க்க ஒரு மூலம் வேண்டும். மூலம் கையில் இல்லாதவர் விடையைச் சரிபார்க்க முடியாது, நம்பத்தான் முடியும். இன்னொரு பக்கம், இந்த மென்பொருள்கள் தமிழில் தொழில்நுட்பம் பேசத் தடுமாறுவதற்கு ஒரு காரணம், கற்றுக்கொள்ள அவற்றுக்குக் கிடைக்கும் நல்ல தமிழ்த் தொழில்நுட்ப எழுத்து குறைவு என்பதுதான். திறந்த உரிமத்தில், யூனிகோடில், ஒழுங்கான கலைச்சொல்லோடு உள்ள நூலகம் அந்தக் குறையையும் சேர்த்தே தீர்க்கும்.

ஒரு துறை, ஒரு கல்லூரி இதைத் தொடங்க முடியுமா?

முடியும். பெரிய பட்ஜெட் தேவையில்லை, ஒழுங்கு வேண்டும்.

ஒரு துறையின் ஒரு செமஸ்டரை மட்டும் முதலில் எடுக்கலாம். ஆறு பாடங்கள் முழுமையாக இருப்பது, அறுபது பாடங்கள் அரைகுறையாக இருப்பதைவிட மேல்.

கோப்பைச் சேர்க்கும் முன் பட்டியலைத் தொடங்க வேண்டும். ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். உரிமம் என்ன என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கோப்பை ஏற்றக் கூடாது. ஆசிரியரின் நோட்ஸ் என்றால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதியதில் கல்லூரிக்கும் உரிமை இருக்கலாம் என்பதால் நிர்வாகத்திடமும் கேட்டுவிடுவது நல்லது.

ஒவ்வொன்றையும் அந்தப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியரும், அதைப் படித்துத் தேறிய ஒரு மாணவரும் பார்க்க வேண்டும். ஆசிரியர் பிழையைப் பிடிப்பார். மாணவர், "இந்த இடத்துல ஒண்ணும் புரியல" என்பதைச் சொல்வார். பார்த்த தேதியைக் கோப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

பட்டியல் வளர்ந்ததும் 'டிஸ்பேஸ்' போன்ற மென்பொருளுக்கு மாறலாம். எம்ஐடி-யும் எச்பி நிறுவனமும் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட இந்தத் திறந்த மென்பொருளைப் பல இந்தியக் கல்வி நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அது ஒவ்வொரு கோப்புக்கும் நிலையான முகவரி தரும். படிப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் செல்போனும் அன்றைய டேட்டாவும்தான் என்பதால், 200 எம்பி ஸ்கேனை யூனிட் வாரியாகப் பிரித்து வைப்பதும் அவசியம்.

நகல்கள் குறைந்தது மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒன்று கல்லூரி சர்வரில், ஒன்று வேறோர் ஊரில், ஒன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் களஞ்சியத்தில்.

கடைசியாக, கணக்கின் கடவுச்சொல் ஒரு மாணவர் பெயரில் இருக்கக் கூடாது. கல்லூரி நூலகரின் பொறுப்பில், பதவி பெயரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் வெளியேறும் அணி அடுத்த அணியிடம் பட்டியலை ஒப்படைத்து, செத்த லிங்க்குகளைச் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்கினால் போதும். அந்த ஒரு நாளைத் தவறாமல் ஒதுக்குகிற கல்லூரியில்தான் நூலகம் பத்து வருஷம் நிற்கும்.